தகட்டுக்குக் கீழே மூன்று பெயர்கள்

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரின் பின்கதவைத் திறந்தபோதுதான் லோர்னா அதைப் பார்த்தாள் என்று சொல்லி, போன வாரம் நிறுத்தியிருந்தேன். காலை வைத்து ஏறுகிற அடிச்சட்டத்தில் ஒரு பித்தளைப் பெயர்த்தகடு. நான்கு மூலையிலும் திருகாணி. 'ஹார்கிரேவ் அண்ட் சன்ஸ், லண்டன்' என்று எழுத்து, அதன் கீழே ஓர் எண். ஓரமெல்லாம் கருப்பேறி, அறுபது வருஷம் செருப்புக்கால் பட்டுத் தேய்ந்தது போல இருந்தது.

அந்தப் பாடியை லோர்னா கட்டி முடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

கதையின் நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. 1926-ல் கிளென்தாரன் செம்மறிப் பண்ணைக்கு ஒரு ரோல்ஸ்-ராய்ஸ் கப்பலில் வந்து இறங்கியது. அந்தக் காலத்தில் கம்பெனி கொடுப்பது இன்ஜினும் சேசிஸும் சக்கரமும்தான். மேலே உட்காருகிற பாடியை வாங்குகிறவர் தன் இஷ்டத்துக்கு வேறொரு பட்டறையில் கட்டிக்கொள்ள வேண்டும். இந்த வண்டிக்கு அதைக் கட்டியது லண்டனில் இருந்த ஹார்கிரேவ். உலகப் போர் வந்தது, பண்ணையில் லாரிக்குத் தட்டுப்பாடு. பாடியை அறுத்துப் போட்டுவிட்டு, பலகை அடித்து வைக்கோலும் ஆடும் ஏற்றினார்கள்.

கிறைஸ்ட்சர்ச்சில் பழைய கார் சேர்க்கிற கிளைவ் ஆல்டர்சன் அந்த மொட்டை சேசிஸோடும் ஒரே ஒரு போட்டோவோடும் டெமூகாவில் லோர்னாவின் பட்டறை ஷெட்டுக்கு வந்தார். போட்டோவில் இருப்பதுபோலவே அச்சு அசலாக ஒரு பாடி வேண்டும் என்றார். லோர்னாவின் அண்ணன் ஹேமிஷ், கவுண்டி ஆபீசில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவன், அந்தப் போட்டோவை விளக்கொளியால் ஷெட் சுவரில் பெரிதாக விழவைத்து முழு அளவுக்குக் கோடு இழுத்தான். அவள் புருஷன் ராவிரி, அரோவெனுவா என்கிற மாவோரிக் கிராமத்தில் பிறந்து படகு கட்டிப் பழகியவன், ஆஷ் மரத்தில் எலும்புக்கூடு கட்டினான். லோர்னா அலுமினியத்தை அடித்து அதற்குத் தோல் போர்த்தினாள். ஒரு குளிர்காலம் முழுக்க அந்த ஷெட்டில் வேறு பேச்சே இல்லை.

மறுநாள் டெமூகாவில் விவசாயக் கண்காட்சி. கார் முதல்முதலாக வெளியே போகிற நாள்.

காலையில் ஷெட்டைத் திறந்ததும் லோர்னா செய்த முதல் வேலை, அந்தப் பெயர்த்தகட்டைக் கழற்றியதுதான். கழற்றி மேஜைமேல் வைத்தாள். பிறகு எழுத்து அடிக்கிற பஞ்ச் பெட்டியைத் திறந்து, தகடு இருந்த அதே இடத்தில், வெறும் அலுமினியத்தில், முதல் எழுத்தை வைத்து ஒரு அடி அடித்தாள். ஓங்கி ஒரே அடி. இரண்டாவது அடி விழுந்தால் எழுத்து இரட்டையாகிவிடும்.

ஹேமிஷ் வீட்டிலிருந்து வாசலைத் தாண்டும்போதே சத்தம் கேட்டிருக்க வேண்டும். கண்காட்சிக்காகப் போட்ட கோட்டோடும் டையோடும் அவன் ஓடி வந்தபோது, 'லோர்னா' முடிந்து 'ராவிரி'யும் முடிந்து, அவன் பெயரில் பாதி வந்திருந்தது.

"என்ன பண்ற?"

"கையெழுத்துப் போடறேன். நகரு, வெளிச்சத்தை மறைக்கிற."

அவன் நகரவில்லை. மேஜைமேல் கிடந்த பித்தளையைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கிலேயே லோர்னாவுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள்.

"நீதானே மாட்டினே?"

நான்தான் என்றான். ஆல்டர்சன் வியாழக்கிழமை கொண்டுவந்து கொடுத்தாராம். அந்த மாதிரி பழைய தகடு ஒன்றைப் பார்த்து வார்த்து, அமிலத்தில் போட்டுக் கருக்கியதாம். மெல்போர்னிலிருந்து வேஸி என்று ஒரு அம்மாள் வருகிறாள், வண்டியை வாங்கப் போகிறாள், அவளிடம் சொல்லப்போவது, இது அசல் ஹார்கிரேவ் பாடி, கிளென்தாரனில் ஆட்டுமுடி கத்தரிக்கிற கம்பளி ஷெட்டில் சாக்குக்கு அடியில் இத்தனை வருஷம் பத்திரமாக இருந்தது, அவ்வளவுதான் கதை. லோர்னாவிடம் சொல்ல வேண்டாம் என்று ஆல்டர்சன் கேட்டுக்கொண்டார். ஹேமிஷும் சரி என்றுவிட்டான்.

இது நடந்தால் அடுத்து இன்னும் மூன்று வண்டி வருகிறது என்றான் ஹேமிஷ். அத்தனையும் இந்த ஷெட்டுக்குத்தான். நடக்காவிட்டால் மறுபடியும் டிராக்டர் மட்கார்டை நிமிர்த்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

"உட்காரலாமே. டிராக்டர் மட்கார்டு யார்கிட்டயும் பொய் சொல்லாது."

ஹேமிஷ் ஷெட்டில் கிடந்த மரக்கட்டைமேல் உட்கார்ந்தான். அவன் கெட்டவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பின்பக்க வளைவுக் கோடு சரியாக விழவில்லை என்று ஜூலை மாதம் முழுவதும் சுவரோடு மல்லுக்கட்டியவன். அவன் குரல் இறங்கியது.

"ஹார்கிரேவ் ஆளே எழுந்து வந்து பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது லோர்னா. உன் வேலைக்கு இதைவிட என்ன மரியாதை வேணும்?"

"நான்னு ஒருத்தி இல்லவே இல்லைன்னு சொல்றதுக்குப் பேர் மரியாதையா?"



லோர்னாவுக்கு இது புதிதல்ல. கிறைஸ்ட்சர்ச்சில் பஸ் பாடி கட்டுகிற இடத்தில் வேலை பார்த்த நாட்களில், அவள் உருட்டி எடுத்த மூலை வளைவுகளை வந்தவர்களுக்குக் காட்டி, "நம்ம பசங்க பண்ணது" என்பார் மேஸ்திரி. அவள் பக்கத்திலேயே சுத்தியலோடு நிற்பாள். ஒரு நாள் சுத்தியலை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டாள். இந்த ஷெட் அப்படி வந்ததுதான்.

ராவிரி தட்டு நிறைய சுட்ட சீஸ் ரோலோடு உள்ளே வந்தான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான், பித்தளையைப் பார்த்தான். தட்டைக் கீழே வைத்தான்.

ஆஷ் மரத்தில் பூச்சி அரித்த மாதிரி துளை போட முடியுமா என்று ஆல்டர்சன் ஒருநாள் தன்னிடம் கேட்டதை அப்போதுதான் சொன்னான். வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று நினைத்து அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தானாம்.

"ஆளு நெஜமாவே கேட்டிருக்கான்" என்றான் ராவிரி. ஒரு ரோலை எடுத்துக் கடித்தான். "மச்சான், எங்க பக்கத்துல நாலு பேர் முன்னாடி எழுந்து நின்னா, முதல்ல எந்த மலை, எந்த ஆறுன்னு சொல்லணும். அப்புறம்தான் பேரு. இந்த வண்டி எழுந்து நின்னு லண்டன், தேம்ஸ்னு சொன்னா, ஓபிஹி ஆத்தங்கரைல உக்காந்து இழைச்ச நான் எங்க போய் முகத்தை வெச்சுக்கறது?"

லோர்னா மீதி எழுத்தை அடித்து முடித்தாள். லோர்னா, ராவிரி, ஹேமிஷ். கீழே டெமூகா, 1986.

வெளியே ட்ரெய்லர் ஹாரன் கேட்டது. ஆல்டர்சனின் டிரைவர்.

ஹேமிஷ் சட்டென்று எழுந்தான். மேஜைமேல் இருந்த தகட்டை எடுத்தான், திருப்புளியை எடுத்தான், மண்டியிட்டு உட்கார்ந்தான். நான்கு திருகாணியும் பழைய துளையிலேயே போய் உட்கார்ந்தன. மூன்று பெயரும் பித்தளைக்கு அடியில் மறைந்தன. தடுக்கப் போன ராவிரியை லோர்னா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடு. மூடினா மூடிக்கட்டும். அடிச்சது அழியாது." பிறகு அண்ணனிடம் சொன்னாள்: "நானும் வரேன். வண்டி பக்கத்துலதான் நிப்பேன். யார் கட்டினதுன்னு எவராவது கேட்டா, வாயை மூடிட்டிருக்க மாட்டேன்."

குடும்பத்தினர் வராமல் இருந்தால் நல்லது என்று ஆல்டர்சன் சொல்லியிருந்தார். அதை இப்போது சொல்ல ஹேமிஷுக்குத் தைரியம் வரவில்லை. திருப்புளியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

*

அன்றைக்கு வடமேற்குக் காற்று. மலையிலிருந்து இறங்கி, சூடாக, ஓயாமல் அடிக்கிற காற்று. இது அடிக்கிற நாளில் எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி பேச்சுவார்த்தையைக் குறைத்துக்கொள்வது நல்லது. கேக் கூடாரத்தின் ஒரு பக்கத்துக் கயிறு அறுந்து, போட்டிக்கு வைத்திருந்த லாமிங்டன் கேக்குகள்மேல் எல்லாம் புழுதி. மரம் வெட்டும் போட்டியில் சீவல்கள் பறந்து பார்ப்பவர்கள் முகத்தில் விழுந்தன.

பழைய கார்கள் பைன் மர வரிசைக்கு அடியில். நடுவில் ரோல்ஸ்-ராய்ஸ். கரும்பச்சை, அதன்மேல் பிரஷ்ஷால் இழுத்த ஒரு கிரீம் கோடு. பானெட் முடிகிற இடத்திலிருந்து பின்மூலைவரை ஒரு வளைவு இறங்கி வந்து, கதவைத் தாண்டி, ஒரு தயக்கமும் இல்லாமல் திரும்பியது. கண்காட்சிக்கு வந்த கூட்டத்தில் பாதி அங்கேதான் நின்றது. பந்தயக் குதிரையைப் பார்ப்பதுபோல் ஆண்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

முன்கண்ணாடியில் ஆல்டர்சன் ஒரு அட்டை செருகியிருந்தார். '1926. லண்டனில் கட்டிய அசல் பாடி. கிளென்தாரன் கம்பளி ஷெட்டில் கண்டெடுத்தது.'

லோர்னா அதைப் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். பிறகு மட்கார்டு பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

ஆல்டர்சன் வந்தார். நல்ல துணி, நல்ல சிரிப்பு, குரலை உயர்த்தாத மனிதர். வெயிலில் நிற்க வேண்டாம், பெண்கள் கூடாரத்தில் டீ இருக்கிறது, தன் கணக்கில் குடிக்கச் சொன்னார். தாகமில்லை என்றாள் லோர்னா. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தார். இந்தமுறை சிரிப்பைக் குறைத்துக்கொண்டு, வண்டி தன்னுடையது, தன் வண்டிப் பக்கத்தில் யார் நிற்பது என்று தீர்மானிப்பதும் தான்தான் என்றார்.

"புல்லு விவசாயச் சங்கத்தோடது. நான் சங்கத்துல மெம்பர். புல்லு மேலதான் நிக்கறேன்."

ராவிரி பின்னால் நின்று சிரிப்பை அடக்கினான். ஹேமிஷ் சிரிக்கவில்லை. டையைத் தளர்த்துவதும் முடுக்குவதுமாக இருந்தான்.

பதினொரு மணி வாக்கில் திருமதி வேஸி வந்தாள். பட்டும் தொப்பியுமாக ஒருத்தி வருவாள் என்று லோர்னா எதிர்பார்த்திருந்தாள். வந்தவள் ரப்பர் பூட்ஸும் பழைய மழைக்கோட்டும் போட்ட ஒல்லி மனுஷி. வணக்கம் சொல்வதற்கு முன்பே புல்லில் மண்டியிட்டு வண்டிக்கு அடியில் பார்த்தாள். கதவைத் திறந்தாள், மூடினாள். மூடுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். விரலால் பின்மூலை வளைவைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று நடந்து வந்தாள். லோர்னாவுக்குத் தன் முதுகை யாரோ தடவுவதுபோல் இருந்தது.

ஆல்டர்சன் கம்பளி ஷெட் கதையை ஆரம்பித்தார். சாக்கு மூட்டைகள், எலிக்கூடு, உள்ளே நுழைந்தபோது இருட்டில் பளபளத்த கைப்பிடி. நன்றாகவே சொன்னார். கூட்டம் நெருங்கி வந்து கேட்டது. அடிச்சட்டத்துத் தகட்டைத் திருமதி வேஸிக்குக் காட்டினார். அவள் குனிந்து எண்ணைப் படித்தாள். முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிதான் லோர்னாவைக் குத்தியது. இந்த அம்மாள் நம்புகிறாள். தெரிந்து வாங்குகிறவள் இல்லை, ஏமாறுகிறவள்.

ஆல்டர்சன் ஹேமிஷைக் காட்டி, வண்டியைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தவர் இவர்தான் என்றார்.

திருமதி வேஸி ஹேமிஷைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்க அந்தக் கம்பளி ஷெட்டுக்குப் போனீங்களா? உங்க கண்ணால பார்த்தீங்களா?"

ஹேமிஷ் வாயைத் திறந்தான். ஆல்டர்சன் அவனுக்காகப் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

லோர்னா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அந்தத் தகட்டைக் கழட்டிட்டு அடியில என்ன இருக்குன்னு பாருங்கம்மா."

ஆல்டர்சன் சிரித்தார். இவர்கள் ஊரில் தகடு வேலை செய்கிறவர்கள், கொஞ்சம் கோபத்தில் இருக்கிறார்கள் என்று திருமதி வேஸியிடம் விளக்கினார். தன் வண்டியில் யாரும் கருவி வைக்கக்கூடாது என்றார்.

திருமதி வேஸி அவரைப் பார்க்கவில்லை. ஹேமிஷைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்டது அவனிடம். பதில் இன்னும் வரவில்லை.

ஹேமிஷ் தங்கையைப் பார்த்தான். அவள் கண்ணால்கூட அவனைக் கெஞ்சவில்லை. செய்தால் செய், செய்யாவிட்டால் உன் பாடு என்பது போல நின்றாள். அதுதான் அவனை அசைத்திருக்க வேண்டும். கோட்டுப் பைக்குள் கையை விட்டான். இஸ்திரி போட்ட கால்சட்டையோடு புல்லில் முழந்தாளிட்டான்.

"ஹேமிஷ்" என்றார் ஆல்டர்சன். "அந்த மூணு வண்டியை நினைச்சுக்கோ."

"நினைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஒரு திருகாணி. இரண்டு. காற்றில் ஏதோ தகரம் அடித்துக்கொண்டது. நாலாவதைக் கழற்றியதும் தகடு அவன் உள்ளங்கையில் விழுந்தது. அவன் எழுந்திருக்காமலேயே சொன்னான்: "கம்பளி ஷெட்டுன்னு ஒண்ணு கிடையாதும்மா. போட்டோவைச் சுவத்துல பெரிசா விழவெச்சு நான் வரைஞ்சது இது. மரம் ராவிரி. மத்ததெல்லாம் என் தங்கச்சி."

திருமதி வேஸி குனிந்து ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தாள். ஊரையும் வருஷத்தையும் படித்தாள்.

"லோர்னாங்கறது?"

"நான்."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கையில் மட்டன் பஃப்ஸோடு டூகல் மக்ரே. கிளென்தாரன் பண்ணையில் பிறந்து வளர்ந்து, இன்றைக்கும் அதில் பாதியை வைத்திருக்கிறவர்.

"அசல் பாடியா தேடறீங்க? அது எங்க வீட்டுக் கோழிக்கூடாச்சே. பின்சீட்டுல முட்டை பொறுக்கினவன் நான். பெரிய வெள்ளம் வந்துச்சே, அப்ப கோழியோட ஆத்துல போச்சு. கடல்ல போய்த் தேடுங்க."

கூட்டம் சிரித்துத் தீர்த்தது. சிரிக்காதவர்கள் மூன்று பேர். ஆல்டர்சன், ஹேமிஷ், திருமதி வேஸி.

அவள் ஆல்டர்சனிடம் பேசியது சில வார்த்தைதான். இனி தனக்குப் போன் பண்ண வேண்டாம் என்றும், மெல்போர்னில் தனக்குத் தெரிந்த எல்லோரிடமும் ஏன் என்று சொல்லப் போவதாகவும் சொன்னாள். பிறகு லோர்னாவிடம் திரும்பி, அந்தப் பின்மூலை ஒரே துண்டா, ஒட்டா என்று கேட்டாள். ஒரே துண்டுதான், அதற்கு முன்னால் இரண்டு துண்டு பாழாய்ப் போயிற்று என்றாள் லோர்னா.

"பிரமாதமான வேலை" என்றாள் திருமதி வேஸி. "ஆனா நான் வந்தது பழைய வண்டிக்கு. இது புதுசு."

"புதுசுதாம்மா. அதைச் சொல்லத்தான் காலைலேர்ந்து வெயில்ல நிக்கறேன்."

அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டு, பூட்ஸ் சத்தம் கேட்கக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் யாராவது கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று லோர்னா நினைத்திருக்கவில்லைதான். இருந்தாலும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

ராவிரி அட்டையை முன்கண்ணாடியிலிருந்து உருவினான். மடித்து ஹேமிஷிடம் கொடுத்தான். ஹேமிஷ் அதையும் பித்தளையையும் ஆல்டர்சன் கையில் வைத்தான்.

ஆல்டர்சன் குரலை இப்போதும் உயர்த்தவில்லை. அதுதான் கேட்பதற்கு என்னவோபோல் இருந்தது. திங்கட்கிழமை இந்த வண்டி வேறு பட்டறையில் நிற்கும், இந்தப் பாடியைப் பிரித்துக் காயலான் கடைக்குப் போடச் சொல்வேன், பெயர் வேண்டுமென்றால் அங்கே போய்ப் பொறுக்கிக்கொள்ளுங்கள் என்றார். டிரைவரைக் கூப்பிட்டு ட்ரெய்லரைப் பின்னால் எடுக்கச் சொன்னார்.

லோர்னாவுக்குக் காது இரண்டும் சூடேறியது. பிரித்துப் போடட்டும் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அந்த வளைவைப் பார்த்தாள். சொல்ல முடியவில்லை.

டூகல் பஃப்ஸின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"கிளைவ், ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். பாடி கிடக்கட்டும். எங்க சேசிஸை யார்கிட்ட வாங்கினே?"

"உங்க குடும்பத்துக்கிட்டத்தான்."

"குடும்பத்துல யார்கிட்ட?"

ஆல்டர்சன் ஒரு நொடி யோசித்தார். "உங்க தம்பி ரோரிகிட்ட."

டூகல் தலையை ஆட்டினார். அப்படித்தான் தானும் இத்தனை நாளும் நினைத்திருந்ததாகச் சொன்னார். ரோரி தன்னைக் கேட்காமல் விற்றுவிட்டான் என்று நினைத்து மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தாராம். கேட்கவும் வழியில்லை. வேலிச் சண்டைக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை என்பது டெமூகாவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தேவாலயத்தில் ஒருவர் வலது பக்கம், ஒருவர் இடது பக்கம்.

ஹேமிஷ் மெதுவாகத் தலை நிமிர்ந்தான்.

"எங்ககிட்ட டூகல்கிட்ட வாங்கினேன்னு சொன்னீங்களே."

"நானா? நான் விக்கவேயில்லையே" என்றார் டூகல்.

"முதல் நாள். ஷெட்டுல. டூகல் மக்ரே நேராத் தன் கையால வித்தார்னு சொன்னார். ராவிரியும் இருந்தான்."

"இருந்தேன்" என்றான் ராவிரி.

ஆல்டர்சன் டிரைவரைப் பார்த்து, சீக்கிரம், சங்கிலியை மாட்டு என்றார். அன்றைக்கு முதல்தடவையாக அவர் குரல் உயர்ந்தது.

டூகல் தொப்பியை அழுத்திப் போட்டுக்கொண்டார். மைதானத்தின் மறுகோடியில் செம்மறிப் பட்டி. அங்கே ஆடுகளுக்கு மார்க் போடுகிற நடுவர்களில் ஒருவர் ரோரி. இத்தனை வருஷமாக இவர் போகாத பக்கம் அது. "இந்த வண்டியை யாரும் எடுக்காதீங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பேண்ட் வாத்தியக்காரர்களுக்கு நடுவே புகுந்து அந்தத் திசையில் நடக்க ஆரம்பித்தார்.

ட்ரெய்லர் பின்னால் வந்து நின்றது. டிரைவர் சங்கிலியோடு இறங்கினான்.

லோர்னா முன்கதவைத் திறந்தாள். தான் அடித்து, தான் பொருத்திய கதவு. ஏறி, ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள். திருமதி வேஸி காது கொடுத்துக் கேட்ட அதே சத்தம்.

ஆல்டர்சன் ஜன்னலருகே வந்தார். "இறங்கு."

"டூகல் வரட்டும்."

"இது என் வண்டி. போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. பரிசுக் கோப்பை குடுக்க வந்த போலீஸ் சார்ஜன்ட் இங்கதான் எங்கயோ இருக்கார். அவரும் இந்த ஊர்க்காரர்தான், சேசிஸ் யாரோடதுன்னு அவருக்கும் தெரிஞ்சுக்க ஆசையா இருக்கும்."

மறுபக்கம் கதவு திறந்தது. ராவிரி ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். காலை நீட்ட இடம் போதவில்லை என்று முணுமுணுத்தான். கோடு போட்டவனைக் கேள் என்றாள் லோர்னா.

கோடு போட்டவன் புல்லில் தனியாக நின்றுகொண்டிருந்தான். டையை அவிழ்த்துப் பையில் திணித்தான். பின்கதவைத் திறந்து, அடிச்சட்டத்தில் இருந்த மூன்று பெயரையும் மிதித்துவிடாமல் காலை அகலமாக எடுத்து வைத்து, உள்ளே ஏறி உட்கார்ந்தான்.

சங்கிலியோடு நின்ற டிரைவர் ஆல்டர்சனைப் பார்த்தான், வண்டிக்குள் இருந்த மூவரையும் பார்த்தான், சங்கிலியை மெதுவாகப் புல்லில் வைத்தான். கூட்டம் கலையவில்லை. வடமேற்குக் காற்று பைன் மரங்களைப் போட்டு உலுக்கியது.

"லோர்னா" என்றான் ஹேமிஷ் பின்னாலிருந்து. "அங்க பாரு."

மைதானத்தின் மறுகோடியில் பேண்ட் வாசிப்பது நின்றிருந்தது. வாத்தியக்காரர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். டூகல் திரும்பி வந்துகொண்டிருந்தார். பக்கத்தில், தோளோடு தோள் இடிக்கிற மாதிரி, நடுவர் பட்டை போட்ட வெள்ளைக் கோட்டில் ஒருவர். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டே வந்தார்கள்.

ஆல்டர்சன் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டே, தான் வந்த காரின் சாவியை எடுத்தார்.